தெற்குச் சுவரோரத்துப் பைப்

கைன்டனில் வீடு வாங்கியபோது விமலாதேவி அறைகளைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், பின்வளவில் நின்ற பிளம் மரத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்.

அதற்கு முன் மல்கிரேவில் வாடகைக்கு இருந்தார்கள். பின்னேரங்களில் அவள் அங்குள்ள அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். கணவர் கேதீஸ்வரனுக்கு மெல்பேர்னுக்கு வடமேற்கே கைன்டனில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போகவும் வரவும் நாளுக்கு மூன்று மணித்தியாலம் கார் ஓட்டினார். எட்டு மாதம் அப்படி ஓடிய பிறகு, ஒரு விடியற்காலை கண்ணயர்ந்து, காரைப் புல்லுக்குள் விட்டுவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கிழமையே அந்த ஊரில் வீடு தேடத் தொடங்கினார்கள்.

மலிவாகக் கிடைத்தது மரப்பலகை வீடு ஒன்று. நிலத்தில் ஊன்றிய முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. தரைக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவில் முழங்கால் உயர இடைவெளி. விமலாதேவிக்கு ஊரிலிருந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு நாற்பது பேருக்கு ஓட்ஸ் கஞ்சி. யாருக்குச் சீனி கூடாது, யாருக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தாளில் எழுதாமலே மனப்பாடம். அங்கே அவளை "விம்" என்றார்கள். அதிகம் பேசமாட்டாள். சொன்ன நேரத்துக்கு வருவாள், சொல்லாத வேலையும் செய்து வைத்துவிட்டுப் போவாள்.

கைன்டனில் குளிர் மல்கிரேவைப் போல் இல்லை. ஜூன், ஜூலையில் புல் வெள்ளையாக விடியும். வருடத்தில் நாலைந்து நாள் குசினிக் குழாயைத் திறந்தால் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கிப்போகும்.

"தண்ணி இண்டைக்கு லீவு" என்பார் கேதீஸ்வரன்.

போத்தல் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போவார்கள். பத்து மணிபோல் தானாக வந்துவிடும். பதினான்கு வருடம் இது ஒரு பகிடியாகவே கழிந்தது.

பிறகு கேதீஸ்வரனின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. நீண்டகாலச் சர்க்கரை, அதன்மேல் இரத்த அழுத்தம். கைன்டனிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது என்பதால், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யும் முறையை வைத்தியர்கள் சொன்னார்கள். கணவனும் மனைவியும் எட்டு கிழமை மெல்பேர்னில் தங்கிப் படித்தார்கள். ஊசி குத்துவது, குழாய்களைப் பொருத்துவது, இயந்திரம் கத்தினால் எந்தக் கத்தலுக்கு என்ன செய்வது எல்லாம். படிப்பித்தவள் பார்கவி என்ற தாதி, மதுரைப் பக்கத்துப் பெண். முதல் நாள் விமலாதேவியின் கை நடுங்கியதைப் பார்த்து, "ஆன்ட்டி, நாப்பது பேருக்குச் சமைக்கிற கை இது. இதுக்கா நடுங்குது?" என்றாள். இரண்டாம் கிழமை நடுக்கம் நின்றது.

மகள் மிருணாளினி கல்யாணம் கட்டி மல்கிரேவுக்குப் போய்விட்டதால் அவளுடைய அறை வெறுமையாக இருந்தது. இயந்திரம் அங்கே வந்தது. ஒன்றுவிட்ட ஒரு நாள், காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. விமலாதேவி வேலையை மற்ற நாட்களுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு தடவை ஓட அந்த இயந்திரத்துக்கு முந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதைப் பொருத்திப் பூட்ட வந்த தொழில்நுட்பவியலாளர் குழாயின் வேகத்தை அளந்து திருப்திப்பட்டார். அது நவம்பர் மாதம். குளிரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அடுத்த ஜூனில்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மல்கிரேவில் பேத்தியின் பிறந்தநாள். ஞாயிறு இயந்திர நாள். ஒரு நாள் தள்ளிச் செய்தால் என்ன என்று கேதீஸ்வரன் கேட்டார். விமலாதேவிக்கு மனம் இல்லை. ஆனாலும் நோய் வந்த பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். போனார்கள். பேத்தி தாத்தாவின் மடியை விட்டு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை புறப்பட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். பேத்தி அழுதாள். மத்தியானம் கழித்துத்தான் புறப்பட்டார்கள். வீடு வந்தபோது பொழுதுபட்டுவிட்டது. செவ்வாய் காலை முதல் வேலையாகச் செய்வோம் என்று படுத்தார்கள். கடைசியாக இயந்திரம் ஓடியது வெள்ளிக்கிழமை.

செவ்வாய் காலை புல் மட்டுமல்ல, வேலிக் கம்பியும் காரின் கண்ணாடியும் வெள்ளையாக இருந்தன. விமலாதேவி இயந்திரத்தைப் போட்டாள். தண்ணீர் இல்லை என்று அது கத்தியது. குசினிக்கு ஓடிக் குழாயைத் திறந்தாள். ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

"தண்ணி வரேல்லை" என்றாள்.

கேதீஸ்வரன் கட்டில் விளிம்பில் இருந்தார். இந்த முறை லீவு என்று சொல்லவில்லை. பாதங்கள் இரண்டும் பணியாரம் போல் உப்பியிருந்தன.

பார்கவியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆன்ட்டி, பதறாதீங்க. வெயிட் பாத்தீங்களா?"

"மூண்டரைக் கிலோ கூட, பிள்ளை."

"மூச்சு வாங்குதா? படுத்தா கஷ்டமா இருக்கா? நெஞ்சுல ஏதாச்சும்?"

"இல்லை. கால்தான் வீக்கம்."

"சரி. பழம், உருளைக்கிழங்கு எதுவும் குடுக்காதீங்க. தண்ணியும் வேண்டாம். ரொம்ப நாக்கு வறண்டா ஒரு ஐஸ் கட்டி."

"ஐஸ் இஞ்சை நிறையக் கிடக்கு" என்றாள் விமலாதேவி. சொன்ன பிறகுதான் அது பகிடி போல் ஒலித்தது அவளுக்குத் தெரிந்தது. பார்கவி சிரிக்கவில்லை.

"ஒரு மணிக்குள்ள தண்ணி வரலைன்னா சொல்லுங்க. நான் இங்க ஒரு இடம் பார்த்து வைக்கிறேன். மூச்சு வாங்க ஆரம்பிச்சா எனக்குக் கூப்பிடாதீங்க, நேரா ட்ரிபிள் ஜீரோ, ஆம்புலன்ஸ். சரியா ஆன்ட்டி?"

சரி என்றாள். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் ஓடுகிறது. குளிர்காலத்தில் வீட்டின் தெற்குச் சுவர் வெயிலையே காணாது. தண்ணீர்ப் பைப் அந்தச் சுவரோரமாகத்தான் வெறும் செம்பாக வந்து, முழங்கை போல் மடங்கி, வீட்டுக்கு அடியில் புகுந்தது. கேத்தலில் போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். பின்கதவால் போய், அந்த மடிப்பின்மேல் முழுவதையும் ஊற்றினாள். ஆவி அவள் முகம்வரை எழும்பியது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியவில்லை. கேத்தலைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு அடியில் யாரோ விளக்குமாறால் பெருக்குவது போல் ஓசை கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டாள். குழாயைத் திறந்தால் நூலளவுதான் வந்தது. வெளியே ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். பைப் வெடித்து, தளத்தின் அடிப்பக்கம் முழுவதும் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தது.

வீதியோரத்து மீட்டரின் அடைப்புத் திருகு இறுகிப்போயிருந்தது. உடுத்தியிருந்த ஏப்ரனைச் சுற்றி இரண்டு கையாலும் முறுக்கினாள். மூன்றாம் முறை திரும்பியது. பிறகு ஊரிலிருந்த பிளம்பர்கள் ஒவ்வொருவராக அழைத்தாள். கைன்டனில் பாதி வீடுகளில் அன்று இதே கதை. ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் வியாழன் என்றார். இயன் என்பவர் நாளைக் காலை முதல் வீடாக வருகிறேன் என்றார்.

பார்கவி சொன்னாள்: "நாலு மணிக்கு இங்க ஆஸ்பத்திரில ஒரு டயாலிசிஸ் சேர் இருக்கு ஆன்ட்டி. மூணே முக்காலுக்கு வந்துருங்க. யார் ஓட்டுவா?"

அதுதான் கேள்வி. தூரப் பயணமெல்லாம் கேதீஸ்வரன்தான் ஓட்டுவார். விமலாதேவி ஓட்டியது முதியோர் இல்லத்துக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் மட்டும். நெடுஞ்சாலையில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. மிருணாளினி வந்து கூட்டிக்கொண்டு போவதென்றால் நேரம் காணாது.

"நான் ஓடுறன்" என்றாள்.

கேதீஸ்வரன் அவளைப் பார்த்தார். கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

எல்லாரும் நூற்றுப் பத்தில் போன பாதையில் அவள் எண்பதில் போனாள். லொறிகள் பக்கத்தில் உறுமிக்கொண்டு கடக்கும்போது கார் முழுவதும் ஆடியது. அவள் இறுக்கிய பிடியில் விரல்கள் மரத்துப்போயின. சாதாரணமாக அவள் பக்கத்து ஊருக்கு ஓட்டினாலே கேதீஸ்வரன் பிரேக், சிக்னல் என்று வழிமுழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். அன்று பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கிஸ்போர்ன் தாண்டியபோது, "கண்ணாடியைப் பாரும்" என்றார். விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தைக் கடந்த பிறகு, "பரவாயில்லை, வடிவா ஓடுறீர்" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை எடுக்க முடியாது. அப்படியே ஓட்டினாள்.

மூன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டயாலிசிஸ் முடிந்து அன்றிரவு மிருணாளினி வீட்டில் தங்கினார்கள். காலையில் இயன் வருவதால் விடியவே புறப்பட வேண்டும். ஆனால் மகள் அதற்கு முன்பே எழும்பித் தேநீர் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அம்மா, சீரியஸா சொல்லுறன். அந்த வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ. அப்பாவுக்குப் பக்கத்திலையே டயாலிசிஸ் சென்டர் இருக்கு."

"உன்ரை வீட்டிலை மிசின் பூட்டலாமோ?"

"இது ரென்ட் வீடம்மா. பூட்ட விடமாட்டினம். சென்டருக்குத்தான் போகவேணும். கிழமைக்கு மூண்டு நாள்."

விமலாதேவி கணவரைப் பார்த்தாள். அவர்தான் மறுப்பார் என்று நினைத்தாள். கைன்டனை விட்டு வரமாட்டேன் என்று பல தடவை சொன்னவர் அவர். ஆனால் கேதீஸ்வரன் கோப்பையைப் பார்த்தபடி, "பிள்ளை சொல்லுறது சரிதான். உம்மையும் எவ்வளவு கஷ்டப்படுத்துறது" என்றார்.

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. வீட்டில் இயந்திரம் வந்த பிறகு அவருடைய முகத்தில் வந்த தெளிவை அவள் அறிவாள். ஆஸ்பத்திரி மண்டபத்தில் பன்னிரண்டு பேர் வரிசையில், யாரோ ஒருவருடைய தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது அவர் வேறு மனிதர். வீட்டில் அவர் பத்திரிகை வாசிப்பார், இடையில் அவளைக் கூப்பிட்டு வம்பு சொல்வார். அவளுக்கும் கைன்டனில் நாற்பது பேர் கஞ்சிக்குக் காத்திருந்தார்கள். மகள் நல்ல பிள்ளைதான். இருந்தாலும் மகள் வீட்டில் அவளுக்கு ஓர் அறை இருக்கும், ஒரு வீடு இருக்காது.

"பழுதாப்போனது நாலு மீற்றர் பைப்" என்றாள். "நாலு மீற்றர் பைப்புக்காக ஆராவது வீட்டை விப்பினமோ?"

 அம்மா இப்படி ஒரே மூச்சில் ஒரு முடிவு சொல்லி மிருணாளினி கேட்டதில்லை.

இயன் சொன்னபடி வந்தார். வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய், வெட்டி எடுத்த செம்புத் துண்டோடு வெளியே வந்து அவள் கையில் கொடுத்தார். மடிப்புக்குப் பக்கத்தில், கொதித்த சோசேஜின் தோல் போல் நீளமாகக் கிழிந்திருந்தது. தண்ணீர் உறையும்போது விரியும், விரிய இடமில்லாவிட்டால் செம்பைக் கிழித்து இடம் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். விமலாதேவி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: கொதிதண்ணீர் ஊற்றினால் இப்படி ஆகுமா?

ஆகலாம் என்றார் இயன். அதற்கு முன்பே கிழிந்தும் இருக்கலாம், ஐஸ் அடைத்துக்கொண்டிருந்தவரை தெரிந்திருக்காது. எது என்று யாராலும் சொல்ல முடியாது. இனி ஊற்ற வேண்டாம். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, குழாய்ப் பக்கமிருந்து தொடங்கி, தலைமயிர் காயவைக்கிற டிரையரால் மெல்ல மெல்லச் சூடு காட்டினால் போதும்.

பைப் முழுவதையும் போர்த்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அதற்குத் தான் வர மூன்று கிழமை செல்லும் என்றார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். "அடியில் நுழைய எனக்குத்தான் வயிறு தடுக்கிறது. உனக்குத் தடுக்காது. நீயே செய்யலாம்." வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

போர்த்துவது என்றால் நுரைக்குழாய். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைத் தண்டு போல, ஆனால் கறுப்பு. நடுவில் துளை, நீளவாக்கில் ஒரு வெட்டு. வெட்டைப் பிளந்து பைப்பின்மேல் மாட்டி டேப்பால் ஒட்ட வேண்டும். முதல் நாள் அவள் வாங்கி வந்தது அளவில் பெரிது. பைப்பில் மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. திருப்பிக் கொடுத்துச் சரியான அளவு வாங்கி வந்தாள். இயந்திரம் இல்லாத நாட்களில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பழைய மழைக்கோட்டைப் போட்டு, தலையில் சமையலறைத் தொப்பியோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்தாள். ஈர மண் மணத்தது. சிலந்திவலை கண்ணிமையில் ஒட்டியது.

கேதீஸ்வரன் அவள் நுழைந்த திறப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கம்பளி சுற்றிக்கொண்டு, டோர்ச் பிடித்தார். ஒரு காலத்தில் முழு மாட்டுத் தொடையைத் தோளில் தூக்கியவர். இப்போது டயாலிசிஸ் ஊசி போடும் இடக்கையால் பாரம் தூக்கக் கூடாது, ஊரவும் கூடாது. அது அவருக்கு எவ்வளவு கசப்பு என்று அவளுக்குத் தெரியும்.

"மடிப்பிலை இடைவெளி விடாதையும்" என்றார். "ரெண்டு துண்டையும் சரிவா வெட்டி முட்ட வையும்."

"முட்டத்தான் வைச்சிருக்கிறன்."

"விரல் வைச்சுப் பாரும்."

வைத்துப் பார்த்தாள். விரல் போனது. பிடுங்கித் திரும்ப வெட்டினாள். அப்படி மல்லாந்து கிடந்தபோது, அவர் முகம் தெரியாததாலோ என்னவோ, சொல்ல முடிந்தது.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு நான்தான் கொதிதண்ணி ஊத்தினனான்."

 "தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"யன்னலாலை ஆவி எழும்பினது தெரிஞ்சது."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நான் பிறந்தநாள் வீட்டிலை ரெண்டு கோப்பை பாயாசம் குடிச்சனான். நீர் கேட்டனீரோ?"

அவளுக்குத் தெரியாத கணக்கு அது. ஒன்றுதான் பார்த்திருந்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்ததில் வாய்க்குள் மண் விழுந்தது.

வேலை முடிய இரண்டு கிழமை எடுத்தது. மீட்டருக்கு ஒரு பெட்டி செய்து கவிழ்த்தார்கள். பெட்டியின் அளவை எடுத்துப் பலகையை வெட்டும் கடையில் சொன்னவர் கேதீஸ்வரன். வெளியே தெரிந்த பைப்பின்மேல் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் வெள்ளை டேப் இரண்டாம் சுற்றாக ஏறியது. பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று போனில் காட்டும் நாட்களில், படுக்கப் போகுமுன் குசினிக் குழாயை நூலாக ஒழுக விட்டு, கீழே வாளி வைத்தாள். ஓடும் தண்ணீர் லேசில் உறையாது. வாளித் தண்ணீர் காலையில் கழுவத் துலக்க ஆனது.

ஓகஸ்டில் ஒரு காலை, பூச்சியத்துக்குக் கீழே ஆறு. விமலாதேவி இயந்திரத்தைப் போட்டுவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அது கத்தவில்லை. பச்சை விளக்கு வந்தது. கேதீஸ்வரன் பத்திரிகையை விரித்தார்.

பார்கவி அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது முழங்காலில் நின்று, போர்த்திய பைப்பைக் குனிந்து படம் எடுத்தாள். வீட்டில் டயாலிசிஸ் செய்யும் வேறு குடும்பங்களுக்குக் காட்ட என்றாள். "முதல்லயே உங்ககிட்ட நாங்க கேட்டிருக்கணும் ஆன்ட்டி, குளிர்ல தண்ணி எப்படி வருதுன்னு. இப்ப எல்லார்கிட்டயும் கேக்கிறோம்."

இதெல்லாம் நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. கேதீஸ்வரனுக்கு இதயம் பலவீனம் என்பதால் மாற்றுச் சிறுநீரகம் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள்.  பிறகு வழக்கம்போல் ஒன்றுவிட்ட ஒரு நாள் இயந்திரம் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் இப்போது விமலாதேவிதான் ஓட்டுகிறாள், நூறில். கேதீஸ்வரன் திரும்பவும் பிரேக், சிக்னல் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த ஜூலையில் அந்த வீதியில் மற்ற எல்லா வீட்டுப் பைப்பும் உறைந்துபோன ஒரு காலை வந்தது. எட்டரை மணிக்கு எதிர்வீட்டு மார்கரெட் கையில் வாளியோடு கதவைத் தட்டினாள். எண்பது வயது, தனியே இருப்பவள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு கலன்களோடு நின்றார். உன் வீட்டில் மட்டும் தண்ணீர் வருகிறதாமே என்றார்கள்.

வருகிறது என்றாள் விமலாதேவி. ஆனால் இப்போது திறக்க முடியாது. உள்ளே இயந்திரம் இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு குழாயைத் திறந்தால் வேகம் குறைந்து கத்தும். பன்னிரண்டு மணிக்குப் பிறகு எவ்வளவும் எடுக்கலாம் என்றாள். ஒழுகவிட்ட வாளியில் மிச்சமிருந்ததை மார்கரெட்டுக்கு ஊற்றிக் கொடுத்தாள். போத்தல் தண்ணீரில் தேநீர் போட்டாள். வந்த இருவரும் குசினிக் கதிரைகளில் இருந்து குடித்தார்கள்.

"ஆர் வந்திருக்கினம்?" என்று அறையிலிருந்து கேதீஸ்வரன் கேட்டார்.

"அயலட்டை."

"எந்த பைப்பாம்? மீற்றரடியோ, வீட்டுக்கு அடியோ எண்டு கேளும்."

கேட்டாள். மார்கரெட்டுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அடியில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லையாம். வெளியே தெரிகிற பைப்பில் துவாய்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். துணி நனைந்தால் அதுவே உறைந்துபோகும், அதைக் கழற்றிவிட வேண்டும் என்றாள் விமலாதேவி. கலண்டரைப் பார்த்தாள். வெள்ளி வேலை, சனி இயந்திரம்.

"ஞாயிறு வாறன், அடியிலை பூந்து பாப்பம்" என்று பழக்கத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.